கிளையைக் கழிப்பதா, மரத்தை வெட்டுவதா?

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிறவர்கள் சேந்தமங்கலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். தத்தாத்ரேயர் கோயில் கொண்ட குன்றும், மரவள்ளிக் காடுகளும், கிழக்கே நீல மதில்போல் எழுந்து நிற்கும் மலையும் பார்த்தவர் மனத்தை விட்டு எளிதில் அகலுவதில்லை. அவ்வூரில் ஒரு மாலை நேரத்தில் ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு வயது 66. நல்ல ஆரோக்கியசாலி. தினந்தோறும் விடியற்காலையில் தோட்டத்துக்கு நடந்தே போய் வருகிறவர்.

"தம்பி, உங்களிடம் ஒரு யோசனை கேட்கவேண்டும். ஒரு மாமரம் இருக்கிறது. அதில் ஒரு கிளையை வண்டு துளைத்திருக்கிறது. கிளையை மாத்திரம் கழித்துவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். மரத்தையே வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்கிறார் மற்றொருவர். இருவரும் விஷயம் தெரிந்தவர்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?" என்றார்.

"மரம் காய்க்கிற மரந்தானே, ஐயா? கிளையைக் கழித்துப் பார்ப்பதுதானே?" என்று நான் யோசியாமல் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். பிறகு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மடித்து வைத்திருந்த நாலைந்து காகிதங்களை எடுத்து என் கையில் கொடுத்தார். "மரம் நான்தான், தம்பி. இன்னும் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை" என்றார்.

அந்தக் காகிதங்களில் இருந்தது புராஸ்டேட் புற்றுநோய். அது சுரப்பியை விட்டு வெளியே பரவவில்லை என்றும் எழுதியிருந்தது. ஒரு நகரத்து டாக்டர் சுரப்பி முழுவதற்கும் சிகிச்சை செய்யவேண்டும் என்று சொல்லியிருந்தார். வேறொரு நகரத்து டாக்டர் நோயுள்ள பகுதியை மட்டும் அழித்தால் போதும் என்று சொல்லியிருந்தார். உபாத்தியாயரின் கேள்வி அவருடைய சொந்தக் கேள்வி மட்டும் அன்று. இன்று உலகெங்கும் இந்த நோய்க்கு வைத்தியம் செய்வோர் விவாதித்துக்கொண்டிருக்கும் கேள்வியே அதுதான்.

நெல்லிக்காய் அளவுச் சுரப்பி

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மாத்திரம் உள்ள சுரப்பி. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். நீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் அமைந்திருக்கிறது. சிறுநீர் இறங்கும் குழாய் இதன் நடுவே புகுந்துதான் வெளியே வருகிறது. சுரப்பிக்குச் சற்றுக் கீழே, நீரை அடக்கிவைக்கும் தசை வளையம் ஒன்று உண்டு. இரு பக்கங்களிலும் நூலிழைபோல நரம்புகள் ஓடுகின்றன. தாம்பத்திய சக்தி இந்த நரம்புகளைப் பொறுத்தது. இவ்வளவு முக்கியமான காரியங்கள் ஒரே இடத்தில் நெருங்கியிருப்பதால்தான் இங்கே கத்தி வைப்பதும் கதிர் பாய்ச்சுவதும் சங்கடமாக இருக்கின்றன.

வயதானால் இந்தச் சுரப்பி சாதாரணமாகவே பருக்கும். இரவில் நாலைந்து தடவை எழுந்திருப்பதும், நீர் தாரை மெலிவதும் பெரும்பாலும் அந்தப் பருமனால்தான். புற்றுநோயோ ஆரம்பத்தில் எந்த அடையாளமும் காட்டாமலே இருக்கக்கூடும். அதைச் சந்தேகிக்க உதவுவது பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை. அளவு 4-க்கு மேல் இருந்தால் மேற்கொண்டு பார்ப்பது வழக்கம். ஆனால் பருமனாலும் கிருமி உபத்திரவத்தாலும்கூட அது ஏறலாம். ஆகவே அந்த ஓர் எண்ணைக் கண்டு கலங்கவேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, ஊசியால் சிறு துணுக்குகளை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிப் பார்த்து நோயின் மூர்க்கத்தை மதிப்பிடும் முறையை 1966-ல் வகுத்தவர் அமெரிக்காவின் டொனால்டு கிளீசன். அவர் பெயரால் வழங்கும் கணக்கில் 6 என்றால் சாது, 7 நடுத்தரம், 8 முதல் 10 வரை மூர்க்கம். 7-லும், 3-உம் 4-உம் சேர்ந்த 7 சற்றுச் சாதுவானது. 4-உம் 3-உம் சேர்ந்த 7 சற்றுக் கடுமையானது.

நம் உபாத்தியாயருக்கு பி.எஸ்.ஏ. 8. இடப் பக்கத்தில் படத்தில் தெளிவாகத் தெரிந்த ஓர் இடம். அங்கே கிளீசன் மூன்றும் நாலும் ஏழு. வலப் பக்கத்தில் படத்துக்குத் தென்படாத சிறு துணுக்கு ஒன்று. அதில் கிளீசன் 6.

முதலில், அவசரம் வேண்டாம்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும், நாளைக்கே ஏதாவது செய்யாவிட்டால் உயிர் போய்விடும் என்று நினைப்பது இயற்கை. சுரப்பிக்குள் அடங்கிய இந்த நோயின் விஷயத்தில் அப்படியில்லை. பிரிட்டனில் 1999-ஆம் வருஷம் முதல் 2009 வரை 50-லிருந்து 69 வயதுக்குட்பட்டவர்களைப் பரிசோதித்து, இந்த நோய் கண்ட 1,643 பேரைச் சீட்டுப் போட்டு மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ரண சிகிச்சை, ஒரு கூட்டத்துக்குக் கதிர் சிகிச்சை, மூன்றாவது கூட்டத்துக்குச் சிகிச்சையின்றிக் கண்காணிப்பு மாத்திரம். 15 வருஷங்களுக்குப் பின் 2023-ல் வெளியான முடிவின்படி, இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று கூட்டத்திலும் 100-க்கு ஏறக்குறைய மூன்று பேரே. நோய் வேறிடங்களுக்குப் பரவியது மட்டும் வித்தியாசப்பட்டது. கண்காணிப்பில் இருந்தவர்களில் 100-க்கு ஒன்பது பேருக்குச் சற்று மேல் பரவியது. மற்ற இரண்டு கூட்டங்களிலும் ஐந்து பேர் அளவில் நின்றது. கண்காணிப்பில் இருந்தவர்களிலும் 100-க்கு 61 பேர் நாளடைவில் சிகிச்சைக்கு மாறிக்கொண்டார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. சாதுவான நோய்க்குச் சிகிச்சையே செய்யாமல் கவனித்து வருவதும் கௌரவமான வழிதான். சிகிச்சை செய்துகொள்வதானாலும், யோசிக்கவும் மனைவி மக்களோடு கலந்து பேசவும் சில வாரங்கள் நிச்சயமாக இருக்கின்றன.

மரத்தை வெட்டும் வழி

சுரப்பியை முழுவதும் எடுக்கும் ரண சிகிச்சை புதிதன்று. 1904-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஹியூ ஹாம்ப்டன் யங் அதைச் செய்து காட்டினார். ஆனால் நீண்ட காலம், பிழைத்தவர்கள் பலரும் வேறு சுகங்களை இழந்தே பிழைத்தார்கள். அதே ஆஸ்பத்திரியில் 1982-ல் பாட்ரிக் வால்ஷ், பக்கத்து நரம்புகளைக் காப்பாற்றிக்கொண்டு சுரப்பியை எடுக்கும் வழியைக் கண்டார். பிறகு யந்திரக் கரங்கள் வந்தன. அந்த யந்திரக் கரங்களைக் கொண்டு புராஸ்டேட் ரண சிகிச்சை செய்யும் முறையை டெட்ராய்ட் நகரில் வகுத்து உலகெங்கும் பரவச் செய்தவர் மணி மேனன். நமது புதுச்சேரி ஜிப்மரில் வைத்தியம் படித்தவர் அவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

முழுச் சுரப்பிக்கும் கதிர் பாய்ச்சுவது இன்னொரு முறை. வெளியிலிருந்து பாய்ச்சலாம், கதிர் வீசும் சிறு விதைகளைச் சுரப்பிக்குள்ளேயே பதித்தும் வைக்கலாம். முன்னெல்லாம் ஏழெட்டு வாரம் தினந்தோறும் போய்வர வேண்டியிருந்தது. இப்போது தக்கவர்களுக்கு ஐந்தே தடவையில் முடித்துவிட முடிகிறது. 874 பேரை வைத்து நடத்திய சோதனையொன்றின் முடிவு 2024-ல் வெளிவந்தது. ஐந்து தடவைச் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு ஏறக்குறைய 96 பேரும், பல வாரச் சிகிச்சை பெற்றவர்களில் 95 பேர் அளவிலும் ஐந்து வருஷம் நோய் தலைகாட்டாமல் இருந்தார்கள். ஆகவே குறைந்த தடவை என்பதால் குறைந்த பலன் என்று நினைக்கவேண்டியதில்லை.

மரத்தை வெட்டுவதில் உள்ள நிம்மதி பெரிது. சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிவிட வேண்டும். பிறகு அது தலைதூக்கினால், நோய் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று. முன் சொன்ன பிரிட்டிஷ் சோதனையில் ரண சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஆறு மாதம் கழித்து 100-க்கு 46 பேர் நீர்க் கசிவுக்காகத் துணி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகும் 17 பேர் அப்படியே இருந்தார்கள். கதிர் சிகிச்சைக்காரர்களில் இது நாலு பேர்தான். தாம்பத்திய சக்தி எல்லாக் கூட்டத்திலும் குறைந்தது. ரண சிகிச்சையில் அதிகமாகக் குறைந்தது. கதிர் சிகிச்சையில் மலக்குடல் உபத்திரவம் சிலருக்கு வந்தது.

இவற்றை நம் வீடுகளில் வாய்விட்டுச் சொல்வதில்லை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை ஒரு பெரியவர் திடீரென்று நிறுத்திக்கொண்டால், அவருக்கு வைராக்கியம் வந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஈரத் துணியின் கூச்சந்தான் காரணம் என்று யாருக்கும் தெரிவதில்லை.

கிளையைக் கழிக்கும் வழி

இந்தக் கஷ்டத்தைக் கண்டுதான், நோயுள்ள இடத்தை மாத்திரம் அழித்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. மார்பகப் புற்றுநோயில் முன்பு மார்பு முழுவதையும் எடுத்தவர்கள், இப்போது தக்க இடத்தில் கட்டியை மட்டும் எடுத்து மிச்சத்துக்குக் கதிர் பாய்ச்சுகிறார்கள் அல்லவா? அதை முன்மாதிரியாகக் கொண்டார்கள்.

வழிகள் பல. சூரிய கிரணத்தைக் கண்ணாடியால் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கும் விளையாட்டைப் பிள்ளைப் பிராயத்தில் எல்லோரும் விளையாடியிருக்கிறோம். அதைப்போலவே, காதுக்கு எட்டாத ஒலியலைகளை ஒரு புள்ளியில் குவித்து நோயைப் பொசுக்குவது ஒரு முறை. மெல்லிய ஊசிகளை நுழைத்து உறையச் செய்து கொல்வது இன்னொரு முறை. மின்சாரத் துடிப்புகளால் உயிரணுக்களின் சுவரைத் துளைப்பது மற்றொன்று. எந்த முறையானாலும் மிச்சச் சுரப்பியும், நரம்பும், தசை வளையமும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே குறிபார்க்க முடியும்? எம்.ஆர்.ஐ. படம் அந்தக் கண்ணைக் கொடுத்தது. 2017-ல் பிரிட்டனில் 576 பேரைப் பரிசோதித்து வெளியிட்ட முடிவின்படி, கவனிக்கத்தக்க நோயுள்ளவர்களில் 100-க்கு 93 பேரை எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்தது. பழைய முறையில் குத்துமதிப்பாக ஊசி போட்டுப் பார்த்தது 48 பேரைத்தான் கண்டுபிடித்தது.

பலன் எப்படி? ஒலியலைச் சிகிச்சை செய்துகொண்ட 625 பேரைப் பற்றி 2018-ல் பிரிட்டிஷ் டாக்டர்கள் எழுதினார்கள். ஐந்து வருஷ முடிவில் 100-க்கு 88 பேருக்கு ரண சிகிச்சையோ முழுச் சுரப்பிக் கதிரோ தேவைப்படவில்லை. நீர் அடக்கும் சக்தியைப் பற்றிக் கணக்கெடுக்கப்பட்டவர்களில் 100-க்கு 98 பேர் துணி வைத்துக்கொள்ள நேரவில்லை. கேட்பதற்கு மிக இனிமையாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். இவர்கள் சீட்டுப் போட்டுப் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர்; இந்தச் சிகிச்சைக்கு ஏற்றவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அதே சிகிச்சையை இரண்டாம் தடவை செய்துகொண்டவர்களும் வெற்றிக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். ஐந்து வருஷம் என்பதோ, 15 வருஷம் மெல்ல மெல்ல ஊரும் இந்த நோய்க்குச் சின்ன அவகாசம்.

காவற் கூலி

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. பெரும்பாலோரிடம் அது ஒரே இடத்தில் இருப்பதில்லை. சுரப்பிக்குள் இரண்டு மூன்று இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும். அவற்றுள் பெரியதும் மூர்க்கமானதும் எதுவோ அதுதான் ஆளைக் கொல்லக்கூடியது, சில்லறைகளைக் கவனித்து வந்தால் போதும் என்பது கிளையைக் கழிப்போர் கொள்கை. கொள்கை நியாயமானதே. ஆனால் "கவனித்து வந்தால்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

கிளையைக் கழித்தவனுக்கு மிச்ச மரம் இருக்கிறது. அது பி.எஸ்.ஏ.யைச் சுரந்துகொண்டே இருக்கும். முழுச் சுரப்பியையும் எடுத்தவனுக்கு இருப்பதுபோல, இந்த எண்ணுக்கு மேல் போனால் நோய் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக் கோடு அவனுக்கு இல்லை. ஆகையால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை, காலாகாலத்தில் எம்.ஆர்.ஐ., வேண்டும்போது மறுபடியும் ஊசி. இந்தக் காவல் ஒரு வருஷம் இரண்டு வருஷத்தில் முடிவதன்று. பகுதிச் சிகிச்சை செய்துகொண்டவர் தம் நீரையும் தாம்பத்தியத்தையும் காப்பாற்றிக்கொள்கிறார். அதற்கு விலையாக ஆயுள் முழுவதும் காவற் கூலி கொடுக்கிறார். நோய் திரும்பினால் பிறகு மரத்தை வெட்டலாம் என்பது உண்மைதான். அதுவும் திரும்பியது தெரிந்தால்தானே?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு இந்தக் கூலி அற்பம். சேந்தமங்கலத்தில் இருப்பவருக்கு? நாமக்கல்லில் அரசினர் மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டுவிட்டது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. சோதனைகளில் சில அங்கே ஆகலாம். ஆனால் பகுதிச் சிகிச்சை செய்து பழகிய கைகளும், அதற்குப் பிந்திய படத்தைப் படிக்கத் தெரிந்த கண்களும் எல்லா ஊரிலும் இல்லை. சென்னையோ 350 கிலோமீட்டருக்கு அப்பால். ஒவ்வொரு பிரயாணத்துக்கும் பணம் வேண்டும், துணைக்கு ஒரு பிள்ளை வேண்டும், அந்தப் பிள்ளைக்கு லீவு வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது, தண்ணீர் வசதி பாராமல் தோப்பு வாங்குவது போலத்தான்.

மும்பையிலிருந்து ஒரு பாடம்

குறைவாகச் செய்வதே எப்போதும் புத்திசாலித்தனம் என்று சொல்லிவிட முடியாது. இதைக் காட்டியது நம் நாட்டுச் சோதனை ஒன்று. மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் டாக்டர் வேதாங் மூர்த்தியும் அவருடைய சகாக்களும், நோய் மூர்க்கமாக இருந்த 224 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சுரப்பியில் மாத்திரம் கதிர். மற்றதற்குச் சுரப்பியோடு இடுப்புப் பகுதி நிணநீர்க் கணுக்களுக்கும் கதிர். 2021-ல் வெளியான முடிவு: ஐந்து வருஷத்தில் பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறாமல் இருந்தவர்கள், விரிந்த சிகிச்சையில் 100-க்கு 95; குறுகிய சிகிச்சையில் 81. உயிரோடிருந்தவர் தொகையில் அதுவரை வித்தியாசம் தெரியவில்லை. என்றாலும், மூர்க்கமான நோய்க்கு எல்லையைக் குறுக்குவது புத்தியன்று என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது.

அதே வருஷம் நெதர்லாந்து நாட்டார் நடுவழி ஒன்றைக் காட்டினார்கள். 571 பேருக்கு முழுச் சுரப்பிக்கும் கதிர் பாய்ச்சினார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு, எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த நோயிடத்துக்கு மாத்திரம் அதிகக் கதிர் கொடுத்தார்கள். ஐந்து வருஷத்தில் அப்படி அதிகம் பெற்றவர்களில் 100-க்கு 92 பேரும், பெறாதவர்களில் 85 பேரும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மரத்துக்கு மருந்தடித்து, துளைபட்ட கிளைக்கு இன்னொரு கை மருந்து சேர்த்து அடித்ததுபோல!

அகாலத்தில் வருகிறவர்கள்

கிளையா மரமா என்று தர்க்கம் செய்வதற்கே பாக்கியம் வேண்டும். நம் நாட்டில் கணிசமானவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது நோய் எலும்புக்குப் போய்விட்டிருக்கிறது. இடுப்பு வலியை வாதம் என்றும் வயது என்றும் எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டே நாளைக் கடத்திவிடுகிறார்கள். அப்போது சுரப்பியில் பாதிக்கா முழுவதுக்கா என்ற கேள்விக்கே இடமில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கை புற்றுநோயால் மாண்டதைக் கண்ட துயரத்திலிருந்துதான் அடையாறு ஆஸ்பத்திரியை எழுப்பப் பாடுபட்டார். 1952-ல் அஸ்திவாரக் கல் நாட்டி, 1954-ல் சிறு கட்டடத்தில் தொடங்கிய அந்த ஸ்தாபனத்தில், 2021-ல் மறையும்வரை டாக்டர் வி. சாந்தா உழைத்தார். புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்பதை அவர் சலியாமல் சொல்லி வந்தார். ஆண்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவேண்டும். 50 வயது கடந்தவர்கள் டாக்டரிடம் இதைப் பற்றி ஒருமுறை பேசுவது நல்லது. தகப்பனாருக்கோ சகோதரருக்கோ இந்த நோய் வந்திருந்தால் இன்னும் முன்னாலேயே பேசவேண்டும். சில குடும்பங்களில் பெண்களின் மார்பகப் புற்றுநோயும் ஆண்களின் இந்த நோயும் ஒரே பரம்பரைக் குறையிலிருந்து வருவது உண்டு. ஆகையால் இது ஆண்கள் காதோடு பேசி முடிக்கவேண்டிய ரகசியம் அன்று.

உபாத்தியாயரின் தீர்ப்பு

மேலே எழுதியவற்றையெல்லாம் அன்று திண்ணையில் இருந்தபடியே அவருக்குச் சொன்னேன். டாக்டரிடம் நாலு கேள்வி கேட்கும்படி எழுதியும் கொடுத்தேன். நோய் சுரப்பிக்குள் அடங்கியதுதானா? எவ்வளவு மூர்க்கம்? வேறு இடத்திலும் இருக்கிறதா? சிகிச்சைக்குப் பின் எத்தனை நாளைக்கொரு முறை, எங்கே வந்து, என்ன சோதனை செய்துகொள்ள வேண்டும்? கடைசிக் கேள்வியை மறக்க வேண்டாம் என்று கீழே கோடும் போட்டேன்.

"எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாளிடம் சொல்லிவிடுங்கள், ஐயா" என்றும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது அம்மாளே காப்பி கொண்டுவந்து வைத்தார். "நான் முன்னாடியே அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டேன், தம்பி. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். ராத்திரியெல்லாம் இரண்டு பேரும் தூங்குவதுபோலப் படுத்திருந்தோம்" என்றார்.

உபாத்தியாயர் முழுச் சுரப்பிக்கும் ஐந்து தடவைக் கதிர் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். வலப் பக்கத்துச் சிறு துணுக்குதான் அவர் மனத்தை உறுத்தியிருக்கிறது. "அதை விட்டுவைத்துக் காவல் காக்கலாம் என்றார்கள். 35 வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை ஹாலில் காவல் இருந்தாயிற்று. இனிமேல் எனக்குக் காவல் வேலை வேண்டாம், தம்பி" என்று சிரித்தார்.

ஒரே இடத்தில் நோயுள்ளவர், ஆஸ்பத்திரிக்கு அருகில் வசிப்பவர், நரம்பும் தசையும் கெடாமல் இருப்பதே பெரிது என்று எண்ணுபவர் கிளையைக் கழித்துக்கொண்டால் அவரும் தவறு செய்தவர் ஆகமாட்டார். கணக்கு இருவருக்கும் வெவ்வேறு. ஆனால் அந்தக் கணக்கை ஒருவர் இருளில் தனியாக உட்கார்ந்து போடக்கூடாது. நான் விடைபெற்று வரும்போது தம்பதிகள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து, சிகிச்சைக்குப் போகும் நாட்களில் தோட்டத்துக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.